உங்களுக்குத் தெரியுமா? கறுத்த கல்லுக்குத்தான் மவுசு!

மோனாலிசா ஓவியத்துக்கும் உங்கள் வீட்டுத் தோசைக்கல்லுக்கும் சொந்தபந்தம் உண்டு! இரண்டின் மேலும் உட்கார்ந்திருப்பது இறுகிப்போன எண்ணெய். ஓவியத்தில் அது காற்றுப்பட்டு மெல்ல மெல்ல இறுகியது. கல்லில் அடுப்புச் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடுகிறது. டாவின்சியைவிட நீங்கள் வேகம்!

பழகிய கல்லின் கறுப்பு கரியும் இல்லை, அழுக்கும் இல்லை, எண்ணெய்கூட இல்லை. எண்ணெயின் மூலக்கூறுகள் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு பாலிமர் ஆகிவிடுகின்றன. பிளாஸ்டிக் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பம்! அதனால்தான் துணி போட்டுத் துடைத்தாலும் வருவதில்லை.

இதே வித்தையில் வீட்டுக்குத் தரையே போட்டார் ஒருவர்! 1860களில் இங்கிலாந்தின் பிரெடரிக் வால்டன், ஆளிவிதை எண்ணெயை இறுக வைத்துச் செய்ததுதான் லினோலியம். பெயின்ட் டப்பாவின் மேல் ரப்பர் மாதிரிப் படிந்திருந்த ஆடையைப் பார்த்ததும் யோசனை உதித்ததாம். நாமும்தான் எத்தனை டப்பா பார்த்திருக்கிறோம்!

அமெரிக்காவில் இப்போது கொல்லைப்புறத்துக்குக் கொல்லைப்புறம் ஒரு தோசைக்கல்! அவர்கள் அதை கிரிடில் என்கிறார்கள். காலும் சக்கரமும் வைத்த சட்டம், கீழே கேஸ் சிலிண்டர், மேலே ஒரே தட்டையான ஸ்டீல் பலகை. யூட்டா மாநிலத்து பிளாக்ஸ்டோன் கம்பெனியின் 36 அங்குல மாடலில் சமைக்கும் இடம் மட்டும் 768 சதுர அங்குலம். பத்து அங்குலத் தோசை ஒரே ஈட்டில் ஆறு ஊற்றலாம்!

அதன் நான்கு பர்னர்களையும் முழுக்கத் திறந்தால் மணிக்கு 60,000 பி.டி.யு. சூடு. மின்சாரக் கணக்கில் சொன்னால் 17 கிலோவாட்டுக்கு மேல். உங்கள் இன்டக்‌ஷன் அடுப்பு போல எட்டு அடுப்பைச் சேர்த்து வைத்தாலும் எட்டாது!

அங்கே இதற்கு மாட்டும் சிலிண்டரில் 20 பவுண்டு கேஸ்தான், அதாவது 9 கிலோ. நம் வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ! நான்கு பர்னரையும் முழு வேகத்தில் எரித்தால் அந்த 9 கிலோ ஏழு மணி நேரத்தில் காலி.

கேஸும் ஒன்றல்ல. நம் ஊர் எல்.பி.ஜி.யில் பியூட்டேன் கலந்திருக்கும். அது சுமார் பூஜ்ய டிகிரிக்குக் கீழே போனால் ஆவியாகாமல் திரவமாகவே படுத்துவிடும். அமெரிக்க சிலிண்டரில் இருப்பது புரோப்பேன். மைனஸ் 42 டிகிரி வரை அது ஆவியாகும்! பனி கொட்டும்போதும் கொல்லையில் நின்று பர்கர் சுடுகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

நீல ஜுவாலையின் சூடு 2,000 டிகிரி செல்சியஸை நெருங்கும். இரும்பு உருகுவதோ 1,538 டிகிரியில்! ஆனாலும் கல் உருகுவதில்லை. வாங்குகிற சூட்டையெல்லாம் அது காற்றுக்கும் உங்கள் முட்டைக்கும் வாரி வாரிக் கொடுத்துவிடுகிறது.

கேஸுக்குச் சொந்த வாசனையே கிடையாது! நாம் மூக்கைப் பிடிக்கும் அந்த நாற்றம், கசிவு தெரிய வேண்டுமென்று சேர்க்கப்படும் எத்தில் மெர்கேப்டான். நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். இன்னும் கேளுங்கள். செத்த உடல்களிலிருந்தும் இதே வாடைதான் கிளம்புகிறது! 1930களில் கலிபோர்னியாவில் எரிவாயுக் குழாய் எங்கே கசிகிறது என்று தேட, எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே வட்டமடித்தனவோ அங்கே ஓட்டை!

வெளியே நிற்கிற கேஸ் கல்லுக்கு முதல் எதிரி மழை என்று நினைத்தீர்களா? சிலந்தி! கேஸ் போகும் குழாய்க்குள் புகுந்து கூடு கட்டிவிடும். ஜுவாலை மஞ்சளாக எரிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் மந்தமாக இருந்தாலோ முதல் சந்தேகம் இந்த எட்டுக்கால் ஆசாமி மேல்தான்.

சிலந்தியைச் சாதாரணமாக எடை போடாதீர்கள். பெட்ரோல் வாடை பிடித்த ஒரு வகை மஞ்சள் சிலந்தி கார்களின் காற்றுக்குழாயில் வலை பின்னியதால், 2011இல் மஸ்தா கம்பெனி அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 52,000 கார்களைத் திரும்ப அழைத்தது!

சரி, கல்லுக்கு வருவோம். கடையிலிருந்து வந்த புதுக் கல்லில் நேரே மாவை ஊற்றினால் போச்சு! வழியில் துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசியனுப்பிய பூச்சு அதன் மேல் இருக்கும். சோப்பும் வெந்நீரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கல்லின் ஆயுளில் சோப்புக்கு ராஜமரியாதை கிடைக்கிற ஒரே நாள் அன்றுதான்.

கழுவிய கல்லை முழுத் தீயில் காய வைத்துப் பாருங்கள். வாணவேடிக்கை! முதலில் வைக்கோல் மஞ்சள். பிறகு பழுப்பு. பிறகு ஊதா. கடைசியில் மயில் நீலம். யாரும் சாயம் பூசவில்லை. இரும்பின் மேல் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலம் ஒளியோடு விளையாடுகிறது, அவ்வளவுதான். மஞ்சள் வந்தால் 200 டிகிரியைத் தாண்டியாயிற்று, நீலம் வந்தால் 300ஐத் தொட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். லட்சங்களில் விற்கும் சில கைக்கடிகாரங்களின் நீல முள்ளும் இப்படி நெருப்பில் காட்டி எடுத்த நிறம்தான்!

துப்பாக்கி மாதிரி நீட்டிச் சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் புதுக் கல்லிடம் ஏமாந்துவிடும்! பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளியே விடாமல் பதுக்கி வைத்துக்கொள்கிறது. கல் கொதிக்கும், கருவியோ குறைத்துச் சொல்லும். அதே கல் கறுத்த பிறகு காட்டுங்கள். அப்போது சொல்வது சரியாக இருக்கும்!

எண்ணெய் பூசுவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். எவ்வளவு பூச வேண்டும்? பூசிவிட்டு அத்தனையையும் துடைத்து எடுக்க வேண்டும்! எண்ணெய் இருப்பதே கண்ணுக்குத் தெரியக் கூடாது. அந்தத் தெரியாத எண்ணெய்தான் படலமாக இறுகுகிறது. தாராளமாக ஊற்றினீர்களோ, கல் பிசுபிசுவென்று பலாப்பழம் அறுத்த கத்தியாகிவிடும்.

புகை வரும். பயப்படாதீர்கள். புகை நிற்கும்வரை காத்திருங்கள்! புகை நின்றால் அந்தப் பூச்சு முடிந்தது. மறுபடி ஒரு துளி, மறுபடி துடைப்பு, மறுபடி புகை. மூன்று நான்கு சுற்றில் வெள்ளிக் கல் கறுத்துவிடும். ஓரங்களையும் மூலைகளையும் விட்டுவிடாதீர்கள். துரு முதலில் காலை வைப்பது அங்கேதான்.

எந்த எண்ணெய்? இதற்கு மதிப்பெண்ணே உண்டு! எண்ணெய் எவ்வளவு இறுகக்கூடியது என்பதை அயோடின் எண் காட்டிக்கொடுத்துவிடும். தேங்காய் எண்ணெய்க்குக் கிடைப்பது வெறும் 10க்குப் பக்கம். ஃபெயில்! நல்லெண்ணெய் 100ஐத் தாண்டுகிறது. சூரியகாந்தி எண்ணெய் அதற்கும் மேலே. நம் பாட்டிகள் தோசைக்கல்லுக்கு நல்லெண்ணெயைத் தேர்ந்தெடுத்தபோது அயோடின் எண் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது!

முதல் மாணவன் யார்? ஆளிவிதை எண்ணெய். 170க்கும் மேல்! ஓவியர்களுக்கு உயிர். ஆனால் கல்லில் பூசினால் முதலில் கண்ணாடி மாதிரி மின்னிவிட்டுப் பிறகு செதில் செதிலாக உரிந்து வருகிறது என்று அமெரிக்காவில் பலர் தலையில் கை வைத்திருக்கிறார்கள். முதல் மார்க் வாங்கியவரெல்லாம் வேலையில் நிற்பார் என்று யார் சொன்னது?

புகை கிளம்பும் சூட்டிலும் ஏகப்பட்ட ஏற்றத்தாழ்வு. சுத்திகரிக்காத ஆளிவிதை எண்ணெய் 107 டிகிரியிலேயே புகைந்துவிடும். சுத்திகரித்த கடலை எண்ணெய் 230 வரை தாங்கும். நெய் 250. சுத்திகரித்த அவகாடோ எண்ணெய் 270!

புதுக் கல்லுக்கு நம் ஊர் வைத்தியம் வேறு. வடிகஞ்சியிலோ அரிசி கழுவிய தண்ணீரிலோ சில நாள் ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, பாதியாக வெட்டிய வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்குவார்கள். அமெரிக்க கிரிடில்காரர்கள் என்ன செய்கிறார்கள்? புகைச் சுற்றுகள் முடிந்ததும் முதல் சமையலாக ஒரு கூடை வெங்காயத்தை அரிந்து கல் முழுக்க வதக்குகிறார்கள்! சேலத்துப் பாட்டியும் டெக்சாஸ் தாத்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது.

சோப்பு பட்டால் கல் கெட்டுவிடும் என்பது பழைய காலத்துப் பேச்சு! அந்தக் காலத்து சோப்பில் காஸ்டிக் சோடா மிச்சமிருக்கும். எண்ணெயைத் தின்று சோப்பாக்குவதே அதன் தொழில். படலத்தையும் தின்றுவிடும். இன்றைய பாத்திரம் கழுவும் திரவத்தில் அது கிடையாது. இரண்டு சொட்டு விட்டால் குடி முழுகிவிடாது.

கல்லை அடியோடு உரித்துப் புதிதாகத் தொடங்க வேண்டுமா? அப்போது அதே காஸ்டிக் சோடாதான் கைகொடுக்கும்! மேல்நாடுகளில் ஓவனைச் சுத்தம் செய்யும் நுரையில் இருப்பது அதுதான். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கறுப்பும் வழண்டுகொண்டு வந்துவிடும். கையுறை இல்லாமல் தொட்டால் உங்கள் தோலும்!

நான்ஸ்டிக் பாத்திரத்தின் டெஃப்லான் 1938இல் தற்செயலாகக் கிடைத்தது. கண்டுபிடித்தவர் டியூபான்ட் கம்பெனியின் ராய் பிளங்கெட். அது 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். அந்தப் புகை கூண்டுக் கிளியைக் கொன்றுவிடும்! புது இரும்புக் கல்லோ 300 டிகிரியில் மயில் நீலம் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும்.

கறுத்த கல்லுக்குத் தக்காளி என்றால் அலர்ஜி! புளிப்பு படலத்தை அரித்துவிடும். கூடவே இரும்பும் சாப்பாட்டில் இறங்கும். எவ்வளவு? 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரும்புச் சட்டியில் கொதித்த தக்காளி சாஸ் 100 கிராமில் இருந்த இரும்புச்சத்து 0.6 மில்லிகிராமிலிருந்து 5.8 மில்லிகிராமாக எகிறியது. ஒன்பது மடங்குக்கு மேல்! கல்லுக்கு நஷ்டம், ரத்தத்துக்கு லாபம்.

துருவை எடுக்கவும் புளிப்புதான் மருந்து. புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே காய வைத்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும். இரண்டு ‘உடனே’யில் ஒன்றை விட்டாலும் மறுநாள் காலை கல் காவி கட்டியிருக்கும்!

36 அங்குலக் கல்லைச் சூடேற்றினால் அது வளரும்! 250 டிகிரி கூடினால் நீளம் ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டர் கூடுகிறது. கொதிக்கும் கல்லின் நடுவில் ஒரு குடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் நடுப்பகுதி சட்டென்று சுருங்கும், ஓரங்களோ சுருங்க மறுக்கும். கல் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டுவிடும். அப்புறம் எண்ணெயெல்லாம் ஒரே மூலைக்கு ஓடும்!

கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் அதே தண்ணீர் வேலைக்காரன். நீராவியானதும் சுமார் 1,700 மடங்கு பெருகுகிறது! ஒட்டிக்கொண்ட பிசுக்கை அடியிலிருந்து நெம்பித் தூக்கிவிடும். அடுப்பை அணைத்து, கல் சற்று சூடு குறைந்த பிறகு, ஒரு கை தண்ணீர். பட்டையான கரண்டியால் ஒரு வழி. முடிந்தது சுத்தம்.

நம் ஹோட்டல்காரர்கள் இதை எப்போதோ கரைத்துக் குடித்தவர்கள். ஒரு தோசைக்கும் அடுத்த தோசைக்கும் நடுவில் கல்லில் தண்ணீர் தெளித்து ஈர்க்குத் துடைப்பத்தால் ஒரு பெருக்கு! அதைப் பார்த்து முகம் சுளிக்கும் வெளியூர்க்காரர்கள் உண்டு. ஐயா, அது கல்லுக்கென்றே வைத்திருக்கும் துடைப்பம்! மாவு ஒட்டாமல் வட்டமாக விரிய, சூட்டைக் கொஞ்சம் இறக்கும் உத்தியும் அதில் இருக்கிறது.

தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடினால் கல் அளவுக்கு மேல் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சொட்டு கல்லைத் தொடுவதே இல்லை, தன் ஆவியின் மேலேயே மிதக்கிறது! 1756இல் இதைப் புத்தகமாக எழுதிய ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட்டின் பெயரையே இந்த வித்தைக்கு வைத்துவிட்டார்கள்.

இரும்பால் இரும்பைச் சுரண்டினால் படலம் போய்விடாதா? போகாது! அமெரிக்கர்கள் கிரிடிலைச் சுரண்டுவது, சுவரில் பட்டி பார்ப்பவர் வைத்திருப்பது போன்ற ஸ்டீல் தகட்டால். நம் கொத்துப் பரோட்டா மாஸ்டர் இரண்டு தகடுகளைப் பிடித்துக்கொண்டு தெருவே அதிரக் கொத்துகிறாரே, அந்தக் கல் என்ன வெளுத்தா போயிற்று?

முரட்டுப் பிசுக்குக்கு எரிமலையிலிருந்து மருந்து வருகிறது! கல்லைத் தேய்க்கும் பியூமிஸ் கட்டி எரிமலைக் குழம்பு நுரைத்து உறைந்தது. பெயர்தான் கல். தண்ணீரில் போட்டால் மிதக்கும்!

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும் எண்ணெய் தானாகவே சூடாகும், தானாகவே பற்றிக்கொள்ளும்! தீக்குச்சியே தேவையில்லை. 1991இல் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று பற்றி எரிந்ததற்குக் காரணம் ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணிகள். மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். துணியை விரித்துக் காய வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் நனைத்து மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

துரு சும்மா உட்கார்ந்திருக்காது, வீங்கும்! தான் தின்ற இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். படலத்துக்கு அடியில் ஒரு புள்ளி துரு விழுந்தால் போதும், மேலே இருப்பதைப் பெயர்த்துத் தள்ளிவிடும்.

டெல்லி இரும்புத் தூணுக்கு எண்ணெய் தடவியவர் யாருமில்லை. மழையிலும் வெயிலிலும் சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்கிறது! எடை 6 டன்னுக்கு மேல். அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது தனக்குத் தானே ஒரு கவசம் பூட்டிக்கொண்டது. உங்கள் கல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சமையல் முடிந்ததும் எண்ணெய் தடவி மூடித்தான் ஆக வேண்டும்!

கனத்திலும் வித்தியாசம் உண்டு. கொல்லைப்புற கிரிடிலின் பலகை சுமார் 4.5 மில்லிமீட்டர். அமெரிக்க ஓட்டல் அடுப்புகளின் பலகையோ 25 மில்லிமீட்டர் வரை! பச்சை இறைச்சி இருபது துண்டை ஒரே நேரத்தில் போட்டாலும் சூடு அவ்வளவாக இறங்காது.

ஸ்டீல் சூட்டைப் பரப்புவதில் படு சோம்பேறி. செம்பு அதைவிட சுமார் எட்டு மடங்கு சுறுசுறுப்பு! ஆனால் கிரிடிலுக்கு அந்தச் சோம்பலே பலம். ஒரு கோடியில் இறைச்சி சீறும், மறு கோடியில் பன் இதமாகச் சுடும். இரண்டும் ஒரே பலகை!

வாணலிகளுக்குப் பெயர்போன லாட்ஜ் கம்பெனி 1896இல் டென்னசி மாநிலத்தில் தொடங்கியது. அதன் வார்ப்பிரும்பை வாங்கியவரே பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தொழிற்சாலையிலேயே பழக்கித் தர அவர்களுக்குத் தோன்றியது 2002இல். நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று!

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் தாயார் தன் உயிலில் நிலம், வெள்ளிக் கரண்டியோடு இரும்புச் சமையல் சாமான்களையும் பங்கு பிரித்து எழுதினார்! பழகிய இரும்பின் அருமை அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

கல்லையே மேசையாக்கியவர்கள் ஜப்பானியர்கள். 1945இல் கோபே நகரின் மிசோனோ உணவகம், வாடிக்கையாளர் கண்ணெதிரே இரும்புப் பலகையில் இறைச்சி சுட்டுக் கொடுத்தது. அதுதான் டெப்பன்யாகி! அதை நியூயார்க்குக்குக் கொண்டுபோனவர் ராக்கி அயோகி என்ற மல்யுத்த வீரர். ஹார்லெமில் வண்டியில் ஐஸ்கிரீம் விற்றுச் சேர்த்த காசில், 1964இல் பெனிஹானா உணவகத்தைத் திறந்தார். முதல் கடையில் மொத்தம் நான்கே மேசை!

1921இல் கான்சஸின் விச்சிட்டா நகரில் பிறந்த வொயிட் கேஸில் கடையின் பர்கரைத் திருப்பிப் போடுவதே இல்லை! வெங்காயத்தின் மேல் வைத்த இறைச்சியில் ஐந்து ஓட்டை. ஆவி அந்த ஓட்டை வழியே ஏறி மேல் பக்கத்தையும் வேகவைத்துவிடும். கடை தொடங்கியபோது ஒரு பர்கரின் விலை 5 சென்ட்.

வெங்காயத்தைக் கல்லில் வைத்து இறைச்சியோடு அழுத்திச் சுடுவதில் ஓக்லஹோமாவின் எல் ரீனோ ஊருக்குத் தனிப் பெருமை. ஆண்டுதோறும் அதற்கென்றே திருவிழா! அங்கே சுடும் ராட்சத பர்கரின் எடை 850 பவுண்டு, அதாவது சுமார் 385 கிலோ.

விடுவோமா நாம்? 2024 மார்ச்சில் பெங்களூருவில் எம்.டி.ஆர். நிறுவனத்தார் 75 சமையல்காரர்களை வரிசையாக நிறுத்தி ஒரே ஒரு தோசை சுட்டார்கள். கின்னஸ் சாதனை! நீளம் 123 அடி!